சுகர் மாத்திரை: என்ன பண்ணுது, எங்க சிக்கல், எப்ப ஆஸ்பத்திரிக்கு ஓடணும்

மெடிக்கல்ல கவுண்டர்ல நிக்க எங்களுக்கு ரெண்டு பேச்சு தெனமும் காதுல விழும். ஒண்ணு, "இந்த மாத்திரை ஒத்துக்கல அண்ணாச்சி, வேற குடுங்க". இன்னொண்ணு, "இது கேக்க மாட்டேங்குது, பவர் கூட்டி குடுங்க". ரெண்டையும் மருந்துக்கடையில செய்யக் கூடாது, டாக்டர் எழுதணும். ஆனா நின்னு வெசாரிச்சா முக்காவாசி நேரம் மாத்திரை மேல குத்தமே இருக்காது, எப்ப போட்டாங்க, எப்ப சாப்பிட்டாங்க, கூட வேற என்ன போட்டாங்க, இந்த மூணுல ஒண்ணுலதான் சிக்கல் இருக்கும். அதனால தானா நிறுத்தவும் வேண்டாம், தானா கூட்டவும் வேண்டாம். உங்களுக்கு என்ன பண்ணுதோ அந்த தலைப்புக்கு நேரா போங்க, மேல இருந்து கீழ வரிசையா பாத்துட்டே வாங்க.

இது மாத்திரை மட்டும் போடுற டைப் 2 சுகர்காரங்களுக்கு. இன்சுலின் போடுறவங்க, மாசமா இருக்கவங்க கணக்கு வேற, அவங்க டாக்டர்கிட்டதான் கேக்கணும்.

## எதுக்கும் முன்னாடி அட்டைய திருப்புங்க

பெரிய எழுத்துல இருக்கது கம்பெனி வச்ச பேரு. அதுக்கு கீழ பொடி எழுத்துல இருக்கதுதான் மருந்து. கண்ணு தெரியலன்னா போன்ல போட்டோ எடுத்து பெருசாக்கி பாருங்க, இல்ல வீட்டு பிள்ளைங்கள வாசிக்க சொல்லுங்க.

மெட்ஃபார்மின்: தனியா போட்டா லோ சுகர் வாரது அபூர்வம், வயித்ததான் படுத்தும்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிகிளசைடு, கிளிபிசைடு: லோ சுகர்னு வந்தா மொதல்ல பாக்க வேண்டிய கூட்டம் இதுதான். டயோனில்னு பழைய ஆளுங்க சொல்லுதது கிளிபென்கிளமைடு. கீழ "கிளிமிபிரைடு வகை"ன்னு சொன்னா இந்த நாலும்தான்.

வோக்ளிபோஸ், அகார்போஸ்: மொத வாய் சோத்தோட போடுறது. வாயு இதுல வரும்.

சிட்டாக்ளிப்டின், வில்டாக்ளிப்டின், டெனிலிக்ளிப்டின்: பெருசா தொந்தரவு பண்ணாது. ஆனா வயித்து மேல்பக்கம் தாங்க முடியாம வலிச்சு முதுகுக்கு பாஞ்சா அன்னைக்கே டாக்டர்.

டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின்: சுகர ஒண்ணுக்கு வழியா வெளிய தள்ளும். கீழ சுருக்கமா டாபா, எம்பான்னு சொல்லுதது இதுங்கதான்.

பயோகிளிட்டசோன்: கால் வீங்கலாம்.

ஒரே மாத்திரையில ரெண்டு மூணு மருந்து சேந்து இருக்கும், இங்கதான் நெறய பேரு வழுக்கி விழுதாங்க. கிளைகோமெட் ஜிபி 1, ஜிபி 2 எடுத்துக்கோங்க, ரெண்டுலயும் மெட்ஃபார்மின் 500தான், ஜிபி 1ல கிளிமிபிரைடு 1 மி.கி., ஜிபி 2ல 2 மி.கி. பேருல ஒரு நம்பர்தான் மாறுது ஆனா லோ சுகர் கொண்டு வார மருந்து ரெண்டு மடங்கு. அதனால கடையில "கிளைகோமெட் குடுங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க, பழைய அட்டையவோ சீட்டையவோ காட்டி வாங்குங்க. பத்து மாத்திரை வேண்டாம் அஞ்சு வெட்டி குடுங்கன்னு கேட்டா, பேரும் தேதியும் இருக்க பக்கத்த கேட்டு வாங்கிக்கோங்க.

## படபடன்னு வருது, வேக்குது, கை நடுங்குது, கண்ண இருட்டுது

இதுதான் ஆள கொண்டு போற அறிகுறி. அதனால காரணத்த தேடுறதுக்கு முன்னாடி வைத்தியம்.

மீட்டர் பக்கத்துல இருந்தா குத்தி பாருங்க, 70க்கு கீழன்னா லோ. மீட்டர் இல்லன்னா லோன்னே வச்சிக்கோங்க, தேடிட்டு இருக்க வேண்டாம். மூணு டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர் இல்லன்னா சீனி, அரை டம்ளர் தண்ணில கலக்கி குடிக்கணும். 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாக்கணும், இன்னும் 70க்கு கீழ இருந்தா திரும்ப ஒரு தடவை. ஏறுனதும் இட்லியோ சோறோ வயித்துக்கு ஏதாவது சாப்பிடணும், வெறும் சீனித் தண்ணியோட விட்டா திரும்ப எறங்கும்.

இதுல ஒரு பெரிய விசயம். வோக்ளிபோஸ், அகார்போஸ் போடுறவங்களுக்கு சீனியும் கருப்பட்டியும் அந்த நேரத்துக்கு ஒதவாது. சீனிய ஒடைச்சு ரத்தத்துல சேக்க வேலையவே அந்த மாத்திரை தடுத்து வச்சிருக்கும், ஏறும், ஆனா மெதுவாத்தான் ஏறும், நமக்கு அவ்வளவு நேரம் கெடையாது. நம்ம ஊர்ல கெறக்கம்னு சொன்னாலே அடுப்ப பத்த வச்சு கருப்பட்டி காப்பி போட்டு குடுத்துருவாங்க, பாசத்துல செய்யதுதான், ஆனா அவங்களுக்கு குளுக்கோஸ் பவுடர்தான் வேணும். அதுவும் இல்லன்னா ஒரு பெரிய கரண்டி நல்ல தேன். மூணு மருந்து சேந்த மாத்திரையில வோக்ளிபோஸ் ஒளிஞ்சிருக்கும், அதனாலதான் அட்டைய திருப்புங்கன்னு சொன்னது. குளுக்கோஸ் பாக்கெட் ஒண்ணு வீட்லயும், ஒண்ணு பையிலயும், வயலுக்கு போறவங்க தூக்குச்சட்டியோடயும் இருக்கணும்.

ஆள் நினைவில்லாம கெடந்தாலோ ஒளறுனாலோ வாயில எதையும் ஊத்தக் கூடாது, மூச்சுக்கொழாய்க்குள்ள போயிரும். ஒருக்களிச்சு படுக்க வச்சிட்டு 108க்கு போன் பண்ணுங்க.

சரி, ஆள் தெளிஞ்சாச்சு. இப்ப ஏன் வந்துச்சுன்னு பாப்போம், செலவில்லாததுல இருந்து.

மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழிச்சு சாப்பிட்டீங்க? முக்கூடல் பக்கம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுத்துற அக்காமார்கிட்ட இத நெறய பாத்திருக்கேன். காலம்பற ஏழு மணிக்கு டீயோட மாத்திரைய போட்டுருவாங்க, தட்ட மடியில வச்சு ஒக்காந்தா "இந்த கட்ட முடிச்சிட்டு சாப்பிடுதேன்"னு சொல்லி சொல்லி பதினோரு மணி ஆயிரும், வெரல் நடுங்கி நூல் சுத்த வராதப்பதான் சுகரே நெனப்பு வரும். நாத்து நட போறவங்களுக்கும் இதே கததான். கிளிமிபிரைடு வகைய டீயோட போடக் கூடாது, இட்லிய தட்டுல வச்சப்பறம் போடுங்க. டாக்டர் அரை மணி நேரம் முன்னாடின்னு எழுதியிருந்தா சாப்பாடு கண்டிப்பா அந்த நேரத்துக்கு வரும்னு தெரிஞ்சாதான் போடணும். அந்த வேளை சாப்பாடே இல்லன்னா அந்த வேளைக்கு கிளிமிபிரைடு வகையும் இல்ல.

ஒரே மருந்து ரெண்டு பேருல வயித்துக்குள்ள போகுதா? மக்களைத் தேடி மருத்துவம்னு அரசாங்க திட்டத்துல 2021ல இருந்து வீட்டுக்கே மாத்திரை கொண்டு வந்து குடுக்காங்க, நல்ல விசயம். ஆனா அதையும் போட்டுட்டு டவுன்ல தனியார் டாக்டர் எழுதுன கம்பெனி மாத்திரையையும் போட்டா ரெண்டும் ஒரே மருந்தா இருக்கலாம், நெறமும் அட்டையும் வேற வேறயா இருக்கதால தெரியாது. இருக்க எல்லா அட்டையையும் ஒரு மஞ்சப்பையில போட்டு டாக்டர் முன்னாடியோ மெடிக்கல்லயோ கொட்டி காட்டுங்க.

அன்னைக்கு ஒடம்பு வேலை அதிகமா, இல்ல தண்ணி போட்டாங்களா? ரெண்டும் எறக்கும். வெறும் வயித்துல குடிச்சா ரொம்ப மோசம், அதுல இன்னொரு ஆபத்து, பாக்கறவங்க "போதைல கெடக்கான்"னு விட்டுட்டு போயிருவாங்க.

புதுசா வேற மாத்திரை ஏதாவது? லெவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல், படை தேமலுக்கு குடுக்க ஃப்ளுகோனசோல், இதெல்லாம் கிளிமிபிரைடு வகையோட சேந்தா சுகர் சட்டுன்னு எறங்கலாம். காய்ச்சலுக்கு வேற டாக்டர்கிட்ட போனாலும் சுகர் மாத்திரை பேர சொல்லிருங்க. பிபிக்கு அட்டினலால், மெட்டப்ரலால், ப்ரோப்ரனலால் போடுறவங்களுக்கு படபடப்பும் நடுக்கமும் தெரியாமலே போயிரும், வேர்வை மட்டும்தான் காட்டிக் குடுக்கும், அவங்க வீட்டு ஆளுங்க இத தெரிஞ்சு வச்சிருக்கணும்.

மேல சொன்னது எதுவும் இல்ல, ஆனா அடிக்கடி வருது: கிட்னி மெதுவா வேலை செஞ்சா மருந்து ஒடம்புலயே தங்கிரும். கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற க்ரியாட்டினின் ரத்த டெஸ்ட் எடுத்துட்டு டாக்டர பாருங்க, அளவ கொறைக்க வேண்டி வரும். மெலிஞ்சவங்களுக்கும் கொறைக்கணும்.

அறுபது வயசுக்கு மேல உள்ள ஆச்சி தாத்தாமாருக்கு, முக்கியமா டயோனில் போடுறவங்களுக்கு, லோ வந்து தெளிஞ்சாலும் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயிருங்க. அந்த மருந்து ஒடம்புல ஒரு நாள் முழுக்க நிக்கும், "இப்ப நல்லாத்தான் இருக்கேன்"னு படுத்தவங்களுக்கு ராத்திரி தூக்கத்துல மறுபடி எறங்கும். ஐகிரவுண்டோ (திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரி), அம்பாசமுத்திரம், தென்காசி ஜிஹெச்சோ எது பக்கமோ அங்க போயி, ஒரு நாள் வச்சு பாக்க சொன்னா இருங்க, சண்டை போட்டு வந்துராதீங்க.

## வயித்தால போகுது, கொமட்டுது, வாய்ல தகர ருசி

புதுசா மெட்ஃபார்மின் ஆரம்பிச்சவங்களுக்கு இது வரும், ஒண்ணு ரெண்டு வாரத்துல பெரும்பாலும் அடங்கிரும்.

வெறும் வயித்துல போட்டீங்களான்னு மொதல்ல பாருங்க. மெட்ஃபார்மின பாதி சாப்பாட்டுலயோ சாப்பிட்ட ஒடனேயோ போடணும். அப்பறம் அளவு. எடுத்த எடுப்புல ரெண்டு வேளையும் 1000 போட்டா வயிறு கலங்கத்தான் செய்யும், ஒரு வேளைக்கு மட்டும் 500ல ஆரம்பிச்சு வாரத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா கூட்டச் சொல்லி டாக்டர்கிட்ட கேக்கலாம். அதுக்கும் அடங்கலன்னா எஸ்ஆர் இல்ல எக்ஸ்ஆர்னு போட்ட மெதுவா கரையுற வகைக்கு மாத்தித் தருவாங்க, வெலையும் பெருசா கூட இருக்காது. எஸ்ஆர் மாத்திரைய கடிக்கவோ பொடிக்கவோ கூடாது, முழுங்க கஷ்டமா இருக்குன்னு ஒரலுல நுணுக்கி குடுத்தா மொத்த மருந்தும் ஒண்ணா எறங்கிரும். முழுங்கவே முடியலன்னா சாதா வகைய எழுதச் சொல்லுங்க. மலத்துல முழு மாத்திரை மாதிரி வந்தா பயப்படாதீங்க, அது வெறும் கூடுதான், மருந்து உள்ள போயாச்சு.

வாயு மட்டும் தொந்தரவுன்னா வோக்ளிபோஸ் இருக்கான்னு பாருங்க.

வருசக்கணக்கா ஒத்துக்கிட்ட மாத்திரை இப்ப திடீர்னு வயித்தால போக வைக்குன்னா மாத்திரைய மட்டும் சந்தேகப்படாதீங்க, சாப்பாடோ தண்ணியோ கிருமியோ இருக்கலாம். அடுத்த தலைப்புக்கு போங்க.

## காய்ச்சல், வாந்தி பேதி, ஒண்ணும் சாப்பிட முடியல

"சாப்பிடல, ஆனா மாத்திரைய விடக் கூடாதுல்லா"ன்னு போட்டு மோசமாகி வாரவங்களும் இருக்காங்க, "காய்ச்சல்ல, சுகர் மாத்திரை வேண்டாம்"னு எல்லாத்தையும் ஒரு வாரம் நிறுத்தி 400, 500ல வாரவங்களும் இருக்காங்க. ரெண்டும் வேண்டாம், மருந்துவாரியா பாக்கணும்.

வாந்தியோ பேதியோ நிக்காம போயி ஒடம்பு தண்ணி வத்துதுன்னா மெட்ஃபார்மின தற்காலிகமா நிறுத்தணும், கிட்னி கொறைஞ்ச நேரத்துல ரத்தத்துல அமிலம் சேந்துரும். டாபா, எம்பா வகையையும் நிறுத்தணும். கிளிமிபிரைடு வகை சாப்பாட்ட பொறுத்தது, சாப்பிட முடியலன்னா போடக் கூடாது. பிபி மாத்திரையில சிலதையும் நிறுத்த வேண்டி வரும், அது டாக்டர் சொல்லணும், அன்னைக்கே கேட்டுருங்க, ராத்திரி நேரமா இருந்தா அரசாங்க மருத்துவ ஆலோசனை நம்பர் 104க்கு போன் பண்ணி கேக்கலாம். நல்லா சாப்பிட ஆரம்பிச்சு ஒரு நாள் ரெண்டு நாள்ல மாத்திரைய திரும்ப தொடங்கணும், அத மறந்துறாதீங்க.

கஞ்சித்தண்ணி, உப்பு போட்ட மோர், ஓஆர்எஸ், கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிட்டே இருக்கணும். ஓஆர்எஸ்ல சீனி இருக்கேன்னு பயந்து ஒதுக்காதீங்க, பேதி நேரத்துல அது வேணும். காய்ச்சல் நேரத்துல சாப்பிடாமலே சுகர் ஏறும், அதனால நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒருதடவை குத்தி பாருங்க.

டாபா, எம்பா போடுறவங்க இத ரெண்டு தடவை வாசிங்க. வாந்தி, வயித்து வலி, மூச்சு வேக வேகமா வாங்குது, ஒடம்பு அசந்து கெடக்குன்னா, மீட்டர்ல 180, 200ன்னு சாதாரணமா காட்டுனாலும் ஆஸ்பத்திரிக்கு போயிருங்க. இந்த மருந்துல சுகர் ஏறாமலே ரத்தத்துல கீட்டோன்ங்க அமிலம் சேரலாம். மீட்டர பாத்து "சுகர் நல்லாத்தான் இருக்கு"ன்னு வீட்ல உக்காரதுதான் ஆபத்து. போன ஒடனே "டாபா மாத்திரை போடுதாங்க, கீட்டோன் பாருங்க"ன்னு வாயால சொல்லிருங்க, அட்டையையும் கையில கொண்டு போங்க.

## மாத்திரை ஒழுங்கா போட்டும் சுகர் எறங்கல

மொதல்ல டெஸ்ட சந்தேகப்படுங்க. மாம்பழம் உரிச்ச கையோட, அல்வா தொட்ட வெரலோட குத்துனா 50, 100 கூட காட்டும், சோப்பு போட்டு கழுவி தொடச்சிட்டு பாருங்க. மீட்டர் ஸ்ட்ரிப் டப்பாவ தொறந்தே வச்சிருந்தாலும் தேதி முடிஞ்சிருந்தாலும் தப்பா காட்டும்.

அடுத்து மாத்திரை உண்மையிலயே உள்ள போகுதா. ஆச்சிமார் சில பேரு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவாங்க, காசு மிச்சம்னு, பிள்ளைங்களுக்கு பாரம் வேண்டாம்னு. திட்டாதீங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல சும்மாவே கெடைக்கும், மருந்தோட கெமிக்கல் பேர எழுதச் சொன்னா கடையிலயும் வெல கொறைவான வகை உண்டு. மாத்திரைய சன்னல் ஓரத்துல, டிவி மேல, பைக் டிக்கில வைக்காதீங்க, நம்ம ஊரு சித்திரை வைகாசி வெயிலுக்கு எதுவும் தாங்காது.

அப்பறம் சாப்பாடு. கருப்பட்டி சுகர ஏத்தாதுன்னு ஒரு நம்பிக்கை நம்ம பக்கம் ஆழமா இருக்கு, உடன்குடி கருப்பட்டியா இருந்தாலும் உள்ள இருக்கது பெரும்பாலும் சீனிச்சத்துதான். பதனியும் அப்படித்தான். ராத்திரி நாலு புரோட்டா சால்னாவோட சாப்பிட்டுட்டு காலம்பற வெறும் வயித்து டெஸ்ட்ட குத்தம் சொல்ல முடியாது.

இதுவும் இல்லன்னா மூட்டு வலிக்கு வாங்குன பொடி, ஆஸ்துமா இழுப்புக்கு போட்ட மாத்திரை, முட்டியில போட்ட ஊசி ஏதாவது இருக்கான்னு யோசிங்க. ஸ்டீராய்டு சுகர கண்டபடி ஏத்தும். பேரு எழுதாத பொட்டலத்துல குடுக்க வலி மாத்திரையில ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு நெறய, "ஒரே நாள்ல வலி போயிருச்சு"ன்னா சந்தேகப்படுங்க. ஆனா மாசக்கணக்கா போட்டிருந்தா அத திடீர்னு நிறுத்தவும் கூடாது, பொட்டலத்தோட டாக்டர பாருங்க.

பல்லு சீழ், கால் புண்ணு, ஒண்ணுக்கு போறப்ப எரிச்சல், நாள்பட்ட இருமல், இந்த மாதிரி உள்ள ஒரு தொத்து இருந்தாலும் சுகர் எறங்காது.

எல்லாம் சரியா இருந்தும் மூணு மாச சராசரி, அதான் ஹெச்பிஏ1சி, ஏறிட்டே போகுதுன்னா மருந்து மாத்தவோ சேக்கவோ வேண்டிய நேரம் வந்துட்டு. பொதுவா 7க்கு கீழ பாப்பாங்க, வயசானவங்களுக்கு 8 வரைக்கும் விடுவாங்க. இன்சுலின்னு சொன்னா கடைசி கட்டம்னு அழாதீங்க, அப்படி கெடையாது. ஒடம்பு காரணமில்லாம மெலியுது, தாகம் அடங்கல, 300க்கு மேல ரெண்டு நாளா நிக்குன்னா காத்திருக்காம போங்க.

## ஒரு வேளை மாத்திரை மறந்து போச்சு

அடுத்த வேளைக்கு ரெண்டா போடக் கூடாது, எந்த சுகர் மாத்திரைக்கும். மெட்ஃபார்மின் சாப்பிட்டு கொஞ்ச நேரத்துல ஞாபகம் வந்தா போடலாம். வோக்ளிபோஸ் சாப்பாடு முடிஞ்சப்பறம் போட்டு பிரயோசனம் இல்ல. கிளிமிபிரைடு வகைய காலம்பற விட்டுட்டு ராத்திரி படுக்கப் போறப்ப போட்டுறவே கூடாது. போட்டமா இல்லையான்னே ஞாபகம் இல்லன்னா போடலன்னு நெனச்சு போடாதீங்க, அந்த வேளைய விட்டுருங்க. ஒருவேளை சுகர் கொஞ்சம் ஏறுனா சரி பண்ணிக்கலாம். ஏழு நாள் டப்பா கடையில கெடைக்கும், ஞாயித்துக்கெழமை பேரப்பிள்ளைய விட்டு அடுக்கச் சொல்லலாம், ஆனா மூடி வச்சு எட்டாத எடத்துல வைக்கணும்.

## ஒண்ணுக்கு போற எடத்துல அரிப்பு

டாபா, எம்பா போடுறவங்களுக்கு வார பூஞ்சை. ஒவ்வொரு தடவையும் தண்ணி விட்டு கழுவி ஈரம் இல்லாம வச்சா நெறய கொறையும். வெக்கப்பட்டு மறைக்காதீங்க, பூசுற மருந்துலயே தீரும். காய்ச்சலோட அந்த எடத்த சுத்தி வீங்கி வலிச்சா அன்னைக்கே ஆஸ்பத்திரி, தள்ளிப் போடக் கூடாது.

## கால் வீக்கம், கால் எரிச்சல்

வீக்கம்னா பயோகிளிட்டசோன் இருக்கான்னு அட்டையில பாருங்க. கூடவே படுத்தா மூச்சு முட்டுதுன்னா இதயம், ஒடனே போங்க.

எரிச்சலும் மதமதப்பும்னா சுகரால நரம்பு கெட்டிருக்கலாம், வருசக்கணக்கா மெட்ஃபார்மின் போட்டதுல பி12 கொறைஞ்சும் இருக்கலாம். பி12 டெஸ்ட் எடுக்கச் சொல்லி கேளுங்க, கொறைஞ்சிருந்தா ஊசியோ மாத்திரையோ போட்டு சரி பண்ணலாம், மெட்ஃபார்மின நிறுத்த வேண்டியதில்ல.

## விரதம், நோம்பு

சஷ்டிக்கு திருச்செந்தூர்ல ஆறு நாளும் தங்கி விரதம் இருக்கவங்க, மேலப்பாளையத்துல முப்பது நோம்பும் பிடிக்கவங்க, ரெண்டு பேருக்கும் ஒரே பேச்சுதான், ஒண்ணு ரெண்டு மாசம் முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரை நேரத்தையும் அளவையும் மாத்தி எழுதி வாங்குங்க. நோம்புல பொதுவா மாத்திரையில பெரிய பங்கு இஃப்தாருக்கும் (சாயங்காலம் நோம்பு திறக்க நேரம்) சின்னது சஹருக்கும் (விடியும் முன்ன சாப்பிடுற நேரம்) மாறும், கிளிமிபிரைட கொறைப்பாங்க. பாலும் பழமும் மட்டும் இல்ல வெறும் தண்ணி விரதம்னா டாபா, எம்பா வகை ஆகவே ஆகாது, மேல சொன்ன கீட்டோன் அதுல வரும். 70க்கு கீழ போனாலோ 300 தாண்டுனாலோ விரதத்த முடிச்சிரணும். முருகனும் கோவிக்க மாட்டாரு, நோயாளிக்கு நோம்புல சலுகை மார்க்கத்துலயே இருக்கு. வெரல்ல குத்தி பாக்கதால நோம்பு முறியாது, அதுக்கு பயந்து டெஸ்ட்ட விடாதீங்க.

## ஸ்கேன், ஆபரேஷன் தேதி குறிச்சாச்சு

மருந்து ஏத்தி எடுக்க சிடி ஸ்கேன்னா மெட்ஃபார்மின் போடுறத சொல்லுங்க. கிட்னி கொறைவா இருந்தா நிறுத்தச் சொல்லி, 48 மணி நேரம் கழிச்சு க்ரியாட்டினின் பாத்துதான் திரும்ப ஆரம்பிப்பாங்க. ஆபரேஷன்னா டாபா, எம்பாவ மூணு நாள் முன்னாடியே நிறுத்த வேண்டி வரும், முந்துன நாள் ராத்திரி சொன்னா தேதியே தள்ளிப் போயிரும்.

## சின்னப்பிள்ளை மாத்திரைய எடுத்து முழுங்கிட்டு

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகையில ஒரே ஒரு மாத்திரை போதும், ரெண்டு வயசு பிள்ளைக்கு உயிருக்கே ஆபத்து. முழுங்குச்சான்னு சந்தேகம் இருந்தாலே கெளம்புங்க. பிள்ளை ஓடியாடி வெளையாடுதேன்னு வீட்ல வச்சு பாக்காதீங்க, பல மணி நேரம் கழிச்சு கூட சுகர் எறங்கும். வாந்தி எடுக்க வைக்காதீங்க. போற வழியில முழிச்சிருந்து முழுங்க முடிஞ்சா சீனித் தண்ணி குடுத்துட்டே போங்க. மிச்சம் உள்ள அட்டைய கையில எடுத்துக்கோங்க, எத்தன மாத்திரை கொறையுதுன்னு எண்ணி டாக்டர்கிட்ட சொல்லுங்க, ஒரு நாள் அட்மிட் பண்ணி பாக்கணும்னா சரின்னு சொல்லுங்க.